என் மகனுக்குப் பதில் நானே பேசலாமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு 22 வயது, ஆட்டிசம். சில சொற்கள்தான் பேசுவாராம். "வெளியே போனால் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள், நானே பதில் சொல்லிவிடுகிறேன். தோட்டக் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். சொந்தக்காரர்கள் இழுத்துப் பிடிக்கிறார்கள். அவன் போக்குக்கு எவ்வளவு விடலாம்?"

அம்மா, உங்கள் மகனிடம் பதில் இருக்கும். அதைச் சொல்ல நேரம்தான் கிடைப்பதில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்குக் காதில் விழுந்த கேள்வி உள்ளே போய்ப் பதிலாக வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நாமோ மூன்று விநாடியில் மறுபடி கேட்கிறோம், அதையும் வேறு வார்த்தையில். அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடுகிறது.

ஒருமுறை ஓர் ஒட்டுக்கடையில், அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடையில், ஆட்டிசம் உள்ள வேறோர் இளைஞருடன் வந்திருந்த அவர் அம்மாவிடம் "தம்பிக்கு என்ன?" என்று கடைக்காரர் கேட்டார். "தே ஓ போதும்" என்று பாலில்லாத தேநீரைச் சொல்ல வாயெடுத்த அந்த அம்மாவின் கையை நான் மெல்ல அழுத்தினேன். மனத்துக்குள் எண்ணினேன். ஒன்பது வந்தபோது அந்த இளைஞர் எழுந்துபோய் மைலோ டின்னின் மேல் விரலை வைத்தார். அத்தனை வருஷமும் அவர் முன்னால் வந்தது தே ஓதான்.

ஆகவே கேட்டுவிட்டுப் பத்து எண்ணுங்கள். இரண்டு பொருளைக் கண்முன் வையுங்கள், அல்லது கைப்பேசியில் படம் காட்டுங்கள். படம் காட்டிப் பழகினால் பேச்சே வராது என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. அப்புறம் முக்கியமான ஒன்று: "வேண்டாம்" என்று தலையாட்டினால் அதை நாம் ஏற்க வேண்டும். வேண்டாம் என்ற பிறகும் ஊட்டுவதாக இருந்தால் கேட்டு என்ன பயன்?

உறுமி விஷயத்தில் அவர் அடம்பிடிக்கவில்லை. அந்தச் சத்தம் அவருக்கு உண்மையிலேயே வலிக்கலாம். தோட்டத்தில் புல் வெட்டுகிறவர்கள் காதில் மாட்டும் காதடைப்பான் இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும். மாட்டிக்கொள்ள அவருக்குப் பிடிக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். மேளம் தொடங்கும் முன்பே சாமி கும்பிட்டுவிடலாம். வெளியே போக வேண்டும் என்பதற்கு இருவரும் ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கன்னத்தைக் கிள்ளக்கூடாது, கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. கையை உதறினால், முன்னும் பின்னும் ஆடினால், அது அவர் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரி போகிற பாதையில் நீங்கள் கூடவே இருக்கத்தான் வேண்டும். தினமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கடந்து பழக்குங்கள். ஆனால் என்ன சட்டை, எப்போது குளியல், யார் தொடலாம் என்பதை அவரே முடிவு செய்வதில் ஆபத்து ஒன்றுமில்லை. அங்கே நாம் விடாமல் இருப்பது பழக்கத்தால்தான். குளியலறைக் கதவு சாத்தியிருக்கட்டும். அவர் பக்கத்தில் இருக்கும்போதே அவருடைய கழிப்பறைக் கதையை அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்லாதீர்கள். பேசாதவருக்கும் காது கேட்கிறது.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். மலேசியாவில் 18 வயதானால் வயது வந்தவர். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது; ஐநாவின் மாற்றுத்திறனாளி உரிமை உடன்படிக்கையை நாடு 2010இல் ஏற்றது. சமூகநல இலாகா தரும் மாற்றுத்திறனாளி அட்டையான ஓகேயு கார்டில் ஆட்டிசம் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வரும். அந்தக் கார்டு உங்கள் கைப்பையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நகல் உங்களிடம் இருக்கட்டும். கார்டு அவருடைய பர்ஸில் இருக்கட்டும். அலுவலக முகப்பில் அதிகாரி உங்களைப் பார்த்துப் பேசினால், "அவரிடமே கேளுங்கள், கொஞ்சம் காத்திருங்கள்" என்று சொல்லுங்கள்.

இந்த வாரம் ஒட்டுக்கடையிலிருந்தே தொடங்கலாம். ஐந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஓரடி பின்னால் நில்லுங்கள். மீதிச் சில்லறையையும் அவரே வாங்கட்டும்.