லுக்ரேசியா போர்ஜியா உண்மையிலேயே விஷம் வைத்துக் கொல்பவரா?

ஏதாவது தொடர் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் அவர் யாருக்கும் விஷம் வைத்ததாக ஆதாரம் எதுவும் கிடையாது.

இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாத இதழ் கேட்டு, இவரைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். முழுக்க முழுக்கக் கல்யாண பேரம் பற்றியது. போப் ஆறாம் அலெக்ஸாண்டரின் மகள் இவர். 13 வயதில், அரசியல் கூட்டணிக்காக ஜியோவன்னி ஸ்ஃபோர்ஸா என்ற இத்தாலியப் பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கூட்டணி தேவைப்படாமல் போனதும், 1497-ல் அவரை ஆண்மையற்றவர் என்று கையெழுத்துப் போட வைத்துக் கல்யாணத்தை ரத்து செய்தார்கள். அவருடைய முதல் மனைவி பிரசவத்தில் இறந்தவர் என்பது ஊருக்கே தெரியும்! அந்த அவமானத்தில் அவர் கிளப்பிவிட்ட பேச்சுதான், லுக்ரேசியாவுக்கும் அப்பாவுக்குமே தொடர்பு என்ற அசிங்கம்.

அப்புறம் மூன்றாவது கல்யாணமாக, இத்தாலியின் ஃபெராரா அரச குடும்பத்தோடு சம்பந்தம். மாப்பிள்ளையின் அப்பா, ஃபெராராவை ஆண்ட எர்கோலே, கறாரான ஆள். ரொக்கமாக 1,00,000 டுகாட் (அந்தக் காலத் தங்க நாணயம்) வரதட்சணை வாங்கினார். அதோடு, ஃபெராரா ஆண்டுதோறும் போப்புக்குக் கட்டிவந்த 4,000 டுகாட் கப்பத்தை 100 ஆகக் குறைக்க வைத்தார். ரோமில் அவருடைய ஆட்கள் காசை எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் பெண் கிளம்ப முடிந்தது.

இதைப் படித்துவிட்டு இதழிலிருந்து, "சார், விஷ மோதிரம் பற்றி ரெண்டு பாரா சேருங்க" என்றார்கள். மோதிரத்துக்குள் விஷத்தை ஒளித்து வைத்திருந்தார் என்பது கட்டுக்கதை; அப்படி ஒரு மோதிரத்துக்கு ஆதாரமே இல்லை என்று மறுத்துவிட்டேன். அச்சில் வந்தபோது தலைப்பிலேயே மோதிரம் இருந்தது. கப்பம், வரதட்சணை எல்லாம் காணோம். கீழே என் பெயர். சொந்தக்காரர்கள் போன் செய்து மோதிரக் கதையைப் பாராட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

போர்ஜியாக்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கமெண்டில் யாரும் கிளம்ப வேண்டாம். ஃபெராரா சம்பந்தத்துக்கு முன்பே, 1500-ல் லுக்ரேசியாவின் இரண்டாவது கணவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அண்ணன் செசாரேயின் ஆள்தான் செய்தது என்று அப்போதே பேசினார்கள். அந்தக் குடும்பம் யோக்கியமானது என்று நான் சொல்லவே இல்லை. செசாரே செய்ததை ஏன் இவர் தலையில் கட்ட வேண்டும்? 1833-ல் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவின் நாடகமும் அதை வைத்து இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டி போட்ட ஓப்பராவும் (இசை நாடகம்) வந்தபின் விஷக்காரி என்ற பெயரே நிலைத்துவிட்டது.

நிஜத்தில், கணவர் போருக்குப் போனபோது ஃபெராராவின் நிர்வாகத்தைப் பார்த்தவர் இவர். சதுப்பு நிலங்களை வாங்கி, வடிகால் வெட்டி, விளைநிலமாக்கினார். 1519-ல் பிரசவத்துக்குப் பின் இறந்தபோது வயது 39.

அந்த இதழ் சன்மானமும் தரவில்லை. கட்டுரை வேண்டும் என்றால் தினமும் போன் வரும், பணம் கேட்டால் கணக்குப் பிரிவைக் கைகாட்டுவார்கள். தமிழில் வரலாறு எழுதுகிற எல்லோருக்கும் இதே கதிதான். முன்பணம் வாங்காமல் இனி யாருக்கும் எழுதித் தருவதில்லை.