ஒரே கஷாயம் ஆறு பருவத்துக்கும் ஆகாது

கேள்வி: எனக்கு வயது 46. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குளிர் முடிந்து வெயில் தொடங்கும்போது சளி கட்டுகிறது. மழைக்காலத்தில் பசியே எடுப்பதில்லை. மழை ஓய்ந்து காற்று காய்ந்ததும் வறட்டு இருமல் வந்து இரண்டு வாரம் இழுக்கிறது. எதிர்ப்புச் சக்திக்காக இஞ்சி, மிளகு, அதிமதுரம், தேன் சேர்த்துக் கொதிக்கவைத்த கஷாயத்தை வருடம் முழுக்கத் தினமும் காலையில் குடிக்கிறேன். கோடையில் நெஞ்செரிச்சலும் வாய்ப்புண்ணும் வருகின்றன. இதோடு சீன மூலிகைப் பொடியும் எடுக்கலாமா? பருவத்துக்கு ஏற்ப எதை மாற்ற வேண்டும்?

பதில்: பருவங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நாளைக் காலையே உங்கள் கஷாயத்திலிருந்து அதிமதுரத்தை எடுத்துவிடுங்கள். அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள் சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுக்கிறது. அதனால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. எப்போதாவது தொண்டைக்கு ஒரு துண்டு மெல்லுவது வேறு. ரத்த அழுத்தம் உள்ளவர் தினமும் கஷாயமாகக் குடிப்பது வேறு. உங்கள் மாத்திரை சிறுநீரைக் கூட்டும் வகையாக இருந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். தசைச் சோர்வும் இதயத்துடிப்பில் தடுமாற்றமும் வரலாம். இத்தனை நாள் குடித்ததை மருத்துவரிடம் சொல்லி, பொட்டாசியம் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சீனப் பொடியைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சீன மருத்துவத்தில் 'கான்சாவ்' என்று ஒரு வேர் உண்டு. மற்ற மூலிகைகளை இணக்கமாக்கும் என்று மிகப் பல கூட்டு மருந்துகளில் அதைச் சேர்ப்பார்கள். அது அதிமதுரத்தின் நெருங்கிய உறவு; அதே கிளிசிரைசின் அதிலும் உண்டு. பெயர் வேறு என்பதால் ஒரே பொருளை இரட்டை அளவில் விழுங்குவது தெரியாமலே போய்விடும். அதனால் உணவு, உறக்கம், உடற்பயிற்சி பற்றிய யோசனைகளை ஆயுர்வேதம், சீன மருத்துவம் என்ற இரண்டு மரபுகளிலிருந்தும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து என்று வந்தால் ஒரு மரபு, ஒரு மருத்துவர் போதும். உங்களுக்கு அலோபதி மாத்திரையும் இருப்பதால் அவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

இனி பருவத்துக்கு வருவோம். ஆயுர்வேதத்தில் இதற்கு ருதுசரியை என்று பெயர். வாதம், பித்தம், கபம் என்ற மூன்று குற்றங்களில் (தோஷங்களில்) ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் சேர்கிறது, அடுத்ததில் சீறுகிறது, அதற்கடுத்ததில் அடங்குகிறது என்பதே அதன் அடிப்படை. கபம் குளிரில் சேர்ந்து, இளவேனில் வெயிலில் உருகிச் சீறும். வாதம் முதுவேனிலில் சேர்ந்து மழைக்காலத்தில் சீறும். பித்தம் மழையில் சேர்ந்து, மழை ஓய்ந்து வெயில் திரும்பும் கூதிர் பருவத்தில் சீறும். ஆக, தொந்தரவு தெரியும் பருவம் ஒன்று, அதற்கு விதை விழுந்த பருவம் இன்னொன்று. சீன மருத்துவம் இதே உடம்பை வேறு கண்ணால் பார்க்கிறது. இளவேனிலில் காற்று, கோடையில் வெப்பம், கோடை முடிவில் ஈரம், இலையுதிர் காலத்தில் வறட்சி, பனிக்காலத்தில் குளிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புறக்காரணம். அது முதலில் தாக்கும் உறுப்பாக முறையே கல்லீரல், இதயம், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம். இங்கே மண்ணீரல் என்பது செரிமானத்தை நடத்தும் ஆற்றலின் பெயர். ஸ்கேனில் தெரியும் உறுப்போடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது இரண்டு எதிரெதிரான சிக்கல்கள். வெயில் தொடங்கும்போது வருவது ஈரமும் கனமுமான கபம். அதைக் காயவைக்க வேண்டும். மழைக்குப் பின் வருவது நுரையீரலின் வறட்சி. அதை நனைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே இஞ்சி மிளகுக் கஷாயம் என்றால் முதலாவதில் அது உதவும், இரண்டாவதில் இருமலை வளர்க்கும். இடையில் வரும் கோடையோ உடல்பலம் மிகக் குறைந்த காலம் என்கிறது ஆயுர்வேதம். காரம், புளிப்பு, உப்பு, கடும் உழைப்பு நான்கையும் அப்போது குறைக்கச் சொல்கிறது. உங்கள் நெஞ்செரிச்சலும் வாய்ப்புண்ணும் அந்த விதியை மீறியதற்கான ரசீதுதான். கோடை முழுவதும் கஷாயத்தை நிறுத்திவிடுங்கள். பகல் தூக்கத்துக்கு நூல்கள் இசைவு தருவதும் இந்தப் பருவத்தில் மட்டுமே.

இளவேனிலுக்குத் தேவை லேசான உணவு. பால் இனிப்பு, புளிப்பு, குளிர்ந்தது, எண்ணெயில் பொரித்தது எல்லாம் குறையட்டும். வாற்கோதுமை, பாசிப்பயறு போன்றவை கூடட்டும். பகலில் தூங்காதீர்கள். குளிப்பதற்கு முன் உலர்ந்த பயற்று மாவால் கை கால்களை ரோமத்துக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலாக, ஐந்து நிமிடம் தேய்ப்பது இந்தப் பருவத்துக்கே உரிய பழக்கம். தோலில் புண்ணோ அரிப்போ இருந்தால் வேண்டாம். கஷாயம் குடிப்பதானால் இப்போது குடியுங்கள்: 250 மில்லி நீரில் மூன்று மெல்லிய வில்லை இஞ்சி, இரண்டு மிளகு, ஐந்து நிமிடக் கொதி. தேனை அதில் போட்டுக் கொதிக்கவிடக் கூடாது. சூடேற்றிய தேனை ஆயுர்வேதம் விலக்குகிறது. இறக்கி, இளஞ்சூட்டுக்கு ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி கலந்தால் போதும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது. பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு.

மழைக்காலத்தில் பசி எடுக்காதது இயல்பு. செரிமானத் தீ வருடத்திலேயே மிக மங்கியிருக்கும் பருவம் அது என்று ஆயுர்வேதமும், ஈரம் மண்ணீரலை அழுத்துகிறது என்று சீன மருத்துவமும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. பலர் செய்யும் தவறு, பசியில்லாமலே நேரமாகிவிட்டது என்று சாப்பிடுவது. முன்பு உண்டது செரித்து, ஏப்பத்தில் உணவின் வாடை போய், உடம்பு லேசாகத் தோன்றிய பிறகுதான் அடுத்த உணவு. வயிற்றில் இரண்டு பங்கு திட உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வெற்றிடம் என்ற கணக்கு எல்லாப் பருவத்துக்கும் உரியது. மழைக்காலத்தில் அதைக் கண்டிப்பாகவே பிடிக்க வேண்டும். பச்சைக் காய்கறிக் கலவை, ஐஸ் போட்ட பானம், பழைய மீதி எதுவும் வேண்டாம். சூடான, நீர்த்த உணவில் ஒரு சிட்டிகை சுக்குத்தூள் சேருங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். நோய்க்கிருமிகள் தண்ணீரில் பரவும் காலமும் அதுவே.

அதிகக் கவனம் வேண்டியது மழைக்குப் பிந்திய வறண்ட காலத்தில். உங்கள் இருமல் இழுத்துக்கொண்டே போவது அங்கேதான். இஞ்சி, மிளகு இரண்டையும் அப்போது கஷாயமாக்கவே வேண்டாம். சீன வீடுகளில் இதற்குச் செய்வது வேகவைத்த பேரிக்காய். ஒரு பேரிக்காயின் மேல்பகுதியை மூடிபோல வெட்டி எடுத்து, விதைப்பகுதியைக் குடைந்துவிட்டு, குழிக்குள் இரண்டு மூன்று சிறு கற்கண்டு போடுங்கள். மூடியைப் பொருத்தி, ஒரு கிண்ணத்தில் நிறுத்தி 30 முதல் 40 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். குழியில் ஊறி நிற்கும் சாற்றோடு வெதுவெதுப்பாகச் சாப்பிட வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினால் சாறு நீர்த்துவிடும். நாளுக்கு ஒன்று, நான்கைந்து நாள் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கற்கண்டை விட்டுவிடலாம். சளி வெள்ளையாக, நிறைய வந்தால் இது ஏற்றதல்ல. அப்போது ஈரத்தைக் கூட்டி நிலைமையை மோசமாக்கும். வறட்டு இருமலுக்கு மட்டுமே இது. பித்தம் சீறும் பருவமும் அதுவே என்பதால் கசப்பு, இனிப்பு, துவர்ப்புச் சுவைகளும் கொஞ்சம் நெய்யும் நல்லது. தயிர், நண்பகல் வெயில், காரம் மூன்றும் ஆகாது. இரண்டு மரபுகளும் இந்தப் பருவத்தில் கைகோத்து நடக்கின்றன.

பனிக்காலத்தில்தான் இரண்டும் பிரிவதுபோலத் தெரியும். தீ வலுத்திருக்கிறது, நன்றாகச் சாப்பிடு, நல்லெண்ணெய் தேய், உடற்பயிற்சி செய் என்கிறது ஆயுர்வேதம். வலுத்த தீக்கு விறகு போடாவிட்டால் அது உடம்பையே தின்னும் என்கிறது. சீன மருத்துவமோ சேமிக்கும் காலம் இது, சீக்கிரம் உறங்கு, சூரியன் வந்தபின் எழு, வியர்வையை விரயமாக்காதே என்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. ஆயுர்வேதம் பயிற்சியைப் பாதிச் சக்தியோடு நிறுத்தச் சொல்கிறது. நெற்றியில் வியர்வை அரும்பி, வாயால் மூச்சு வாங்கத் தொடங்கினால் அதுதான் பாதி. விடியற்காலைக் குளிரில் ஓடாமல், வெளிச்சம் வந்தபின் அந்த அளவுக்குச் செய்து, நனைந்த துணியை உடனே மாற்றிவிட்டால் இரண்டு மரபுகளின் சொல்லும் காக்கப்படும்.

மாற்றம் எப்போது, எப்படி என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். போகும் பருவத்தின் கடைசி ஏழு நாளும் வரும் பருவத்தின் முதல் ஏழு நாளும் ருதுசந்தி. இந்த இரண்டு வாரத்தில் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். தினம் ஒரு குவளை கஷாயம் என்றால் மூன்று நான்கு நாளுக்கு முக்கால் குவளை, பிறகு அரை, பிறகு கால், பிறகு நிறுத்தம். (அதிமதுரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதை உடனே நிறுத்த வேண்டும்.) மாதப் பெயரைப் பார்த்து மாற்றாதீர்கள். பூமியின் தென்பாதியில் பருவமே தலைகீழ். நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்பவருக்கு நான்கு பருவம் என்பதே இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் இந்த வாரம் காற்று ஈரமா, வறட்சியா, வெப்பமா, குளிரா என்பதைத் தொடர்ந்து சில நாள் கவனித்து முடிவெடுங்கள்.

சந்தி நாட்களில் சளி பிடித்தே விட்டால் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். நடுக்கம், தெளிந்த மூக்கு நீர், வியர்வை இல்லாமை என்றால் சீன மருத்துவம் அதைக் காற்றும் குளிரும் என்கிறது. மேலே சொன்ன இஞ்சி நீரை மிளகு இல்லாமல் சூடாகக் குடித்து, போர்த்திப் படுத்து, லேசாக வியர்த்ததும் போர்வையை விலக்கலாம். உடம்பு நனைய வியர்க்கவிட்டால் சோர்வுதான் மிஞ்சும். தொண்டை எரிந்து, சளி மஞ்சளாகி, உடம்பு கொதித்தால் இஞ்சி வேண்டாம்.

மூக்கில் எண்ணெய் விடும் நசியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தினசரி வகை, துளைக்கு இரண்டு சொட்டு மட்டுமே. சளி, காய்ச்சல் இருக்கும்போதும், சாப்பிட்ட உடனும், கர்ப்பிணிகளுக்கும் கூடாது. நிறைய ஊற்றி உள்ளே இழுத்தால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய் அங்கே அழற்சி வரும். முதல்முறை மருத்துவர் முன்னால் செய்து பழகுங்கள்.

கடைசியாக, இணையத்தில் வாங்கும் பொடிகள். அமெரிக்காவில் இணையவழி விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. சீன மூலிகைகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள சில செடிகள் சிறுநீரகத்தை மீளாதபடி கெடுத்திருக்கின்றன. சேர்மானப் பட்டியலும் தொகுதி எண்ணும் இல்லாத டப்பாவைத் திறக்கவே வேண்டாம். பருவ உணவுமுறை தடுப்பூசிக்கு மாற்றும் ஆகாது. இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினாலோ, சளியில் ரத்தம், மூச்சுத்திணறல், எடைக் குறைவு, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் என எது இருந்தாலும் பேரிக்காயை வேகவைத்துக் காத்திருக்காதீர்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளே வறட்டு இருமலைத் தரும். உங்களுடையது அந்த வகையா என்று கேளுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். போகும்போது மாத்திரை அட்டையோடு, வீட்டிலுள்ள பொடி டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.