கேள்வி பதில்: அலுக்காத ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதுகிறேன். இதுவரை கேட்காதவர்களுக்காக ஒரு வரி: 1959இல் நியூயார்க்கில் பதிவான ஜாஸ் இசைத்தட்டு, ஐந்தே உருப்படிகள், மொத்தம் முக்கால் மணி நேரம்.

கே: ஜாஸ் எனக்குப் புதிது சார். யாரைக் கேட்டாலும் முதலில் இந்தத் தட்டைத்தான் கேட்கச் சொல்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது இதில்?

ப: இடம் இருக்கிறது. வாசிப்பவருக்கும் இடம், கேட்பவருக்கும் இடம்.

1940களில் வந்த பீபாப் என்ற ஜாஸ் பாணியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மளமளவென்று மாறிக்கொண்டே இருக்கும். சோலோ, அதாவது தனி ஆவர்த்தனம், வாசிப்பவர் ஒவ்வொரு கார்டுக்கும் பொருந்துகிற ஸ்வரங்களைப் பிடித்தபடி அதன் பின்னாலேயே ஓட வேண்டும். அதில் மேதைகள் உண்டு, சார்லி பார்க்கரிடம் அந்த ஓட்டமே அழகு. ஆனால் மைல்ஸுக்கு அது சுமையாகத் தெரிய ஆரம்பித்தது. கார்டுகளைக் குறைத்து, ஒரே ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) நீண்ட நேரம் நின்று வாசித்தால் என்ன என்று யோசித்தார். 1958இல் வந்த ‘மைல்ஸ்டோன்ஸ்’ தட்டின் தலைப்பு உருப்படியில் ஒரு முறை முயன்று பார்த்தார். அடுத்த ஆண்டு ஒரு முழுத் தட்டையே பெரும்பாலும் அந்த வழியில் அமைத்தார். இதைத்தான் மோடல் ஜாஸ் என்கிறார்கள்.

ஓட வேண்டிய கட்டாயம் போய்விட்டால் கலைஞனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஸ்கேல் மாறாமல் அப்படியே நிற்கிறது, அதில் பாட்டாக ஏதாவது சொல்லியாக வேண்டும். அதனால்தான் இந்தத் தட்டில் வருகிற சோலோக்களை முணுமுணுக்க முடிகிறது. ‘சோ வாட்’டில் மைல்ஸ் வாசிக்கும் சோலோ அந்த நேரத்தில் தோன்றியதை வாசித்தது, ஆனாலும் எழுதி வைத்த பாட்டு மாதிரி மனதில் உட்கார்ந்துவிடும். புதிதாகக் கேட்பவருக்கு அது போதும்.

கே: யார் யார் வாசித்தார்கள்? எங்கே பதிவு செய்தார்கள்?

ப: மைல்ஸ் ட்ரம்பெட், ஜான் கோல்ட்ரேன் டெனார் சாக்ஸபோன், கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸபோன், பில் எவன்ஸ் பியானோ, பால் சேம்பர்ஸ் பேஸ், ஜிம்மி காப் டிரம்ஸ். ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ ஒன்றில் மட்டும் பியானோ விண்டன் கெல்லி. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் பதிவு முடிந்துவிட்டது. இடம் கொலம்பியா நிறுவனத்தின் 30வது தெரு ஸ்டூடியோ. அது முன்பு தேவாலயமாக இருந்த கட்டிடம், கூரை மிக உயரம். கருவிகளைச் சுற்றி இந்தப் பதிவில் கேட்கும் காற்றோட்டம் அந்த உயரத்திலிருந்து வருகிறது. ஆகஸ்ட் 17ஆம் தேதி தட்டு கடைக்கு வந்தது.

கே: அண்ணா, நான் கர்நாடக சங்கீதம் கற்றவள். ‘சோ வாட்’ கேட்கும்போதெல்லாம் கரகரப்பிரியா ஞாபகம் வருகிறது. என் பிரமையா?

ப: பிரமை இல்லை, உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. ‘சோ வாட்’ டோரியன் மோட் என்கிற ஸ்கேலில் இருக்கிறது. சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். ஸ்வரக் கணக்கில் அது அப்படியே 22வது மேளமான கரகரப்பிரியாதான்.

அமைப்பையும் சொல்கிறேன், கற்றவர் என்பதால் உங்களுக்கு எளிதாகப் பிடிபடும். ஒரு சுற்றுக்கு 32 பார், பாருக்கு நான்கு அடி. ஆதி தாளத்தில் எண்ணினால் 16 ஆவர்த்தனம். முதல் எட்டு ஆவர்த்தனமும் டி சுருதியில். அடுத்த நான்கு அரை ஸ்வரம் மேலே, ஈ ஃபிளாட்டில். கடைசி நான்கு மறுபடி டி. கையில் தாளம் போட்டுக்கொண்டே ஒரு முறை கேளுங்கள், எட்டு முடிந்து ஒன்பதாவதில் மொத்த வாத்தியமும் ஒரு படி ஏறுவது தெளிவாகத் தெரியும். இது கிரக பேதம் இல்லை. கிரக பேதத்தில் ஸ்வரங்கள் அப்படியே இருக்க ஆதாரம் மாறும், ராகம் வேறாகும். இங்கே ராகத்தையே தூக்கி அடுத்த கட்டையில் வைக்கிறார்கள். நம் கச்சேரியில் நடக்கவே நடக்காத விஷயம். அந்த அரை ஸ்வர ஏற்றத்தில்தான் இந்த உருப்படியின் உயிர் இருக்கிறது. எட்டு ஆவர்த்தனம் ஒரே இடத்தில் நின்ற காதுக்கு அந்தச் சின்ன மாற்றமே பெரிய திருப்பமாகப் படும்.

அதற்காக இதை ராக ஆலாபனை என்று சொல்லிவிடக் கூடாது. கமகம் கிடையாது, பிடிகள் கிடையாது, தம்பூரா கிடையாது. சேம்பர்ஸின் பேஸ் ஆதாரத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறது. மைல்ஸ் இதை நம்மிடமிருந்து எடுத்தார் என்று சிலர் சொல்லும் கதையையும் நம்ப வேண்டாம். ஸ்கேல்களை வைத்து ஜாஸை யோசிக்கும் வழியை ஜார்ஜ் ரஸ்ஸல் 1953இலேயே புத்தகமாகக் கொண்டுவந்தார், பில் எவன்ஸ் அவரோடு வேலை செய்தவர். இந்திய இசைப் பக்கம் உண்மையிலேயே வந்தவர் கோல்ட்ரேன், அதுவும் இதற்குப் பிறகு. 1961இல் ‘இந்தியா’ என்றே ஓர் உருப்படி பதிவு செய்தார். பண்டிட் ரவிசங்கரைச் சந்தித்துப் பேசினார், மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார்.

‘ஆல் ப்ளூஸ்’ கேட்டீர்களா? திஸ்ர நடையில் போகும், ஆதாரம் ஜி. அதில் ஹரிகாம்போதி கேட்கும், சுற்றின் நடுவிலும் கடைசிப் பகுதியிலும் வேறு ஸ்வரங்கள் தலைகாட்டும்.

கே: ஒத்திகையே பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே டேக்கில் (ஒரே முறை பதிவில்) வாசித்தார்களாமே, உண்மையா?

ப: பாதி உண்மை. மைல்ஸ் முழு நொட்டேஷன் தராமல், ஸ்கேல்களையும் சில குறிப்புகளையும் மட்டும் தந்தார். பதிவுக்குச் சில மணி நேரம் முன்புதான் அவற்றை அமைத்தார் என்று தட்டின் பின்னட்டைக் குறிப்பில் எவன்ஸ் எழுதியிருக்கிறார். (அந்தக் குறிப்பை அவசியம் படியுங்கள். ஜப்பானிய மை ஓவியத்தோடு ஒப்பிட்டு எழுதியிருப்பார். கோட்டைத் திருத்த முடியாது, தயங்கினால் தாள் கிழிந்துவிடும்.) ஆரம்பித்து நடுவில் நிறுத்திய டேக்குகள் பல உண்டு. ஆனால் முழுதாக வாசித்து முடித்த முதல் முறையே நான்கு உருப்படிகளில் தட்டுக்குப் போனது. ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ மட்டும் இரண்டு முறை முழுதாக வாசிக்கப்பட்டது, இரண்டாவதைத்தான் தட்டில் கேட்கிறோம். முதலாவது பிற்காலப் பதிப்புகளில் கூடுதலாக வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஐந்து ஸ்கேல்கள் அதே வரிசையில் வருகின்றன, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பது வாசிப்பவர் விருப்பம். அதனால் சோலோக்கள் இரண்டிலும் வேறு வேறு.

கே: ராத்திரி படிக்கும்போது மெதுவாக ஓடவிடுவேன். இனிமையாக இருக்கிறது. அதைத் தாண்டி எனக்கு எதுவும் பிடிபடவில்லை ஐயா.

ப: தாராளமாக அப்படியே கேளுங்கள், அதில் தப்பே இல்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ‘சோ வாட்’டின் முதல் ஒன்றரை நிமிடத்தைத் தனியாகக் கேளுங்கள். முதல் அரை நிமிடம் தாளமே இல்லாமல் பியானோவும் பேஸும் தேடிக்கொண்டிருக்கும். அப்புறம் சேம்பர்ஸ் பேஸிலேயே மெட்டைத் தொடங்குவார். மெட்டைப் பேஸ் வாசிப்பது அன்றைக்கு அபூர்வம். அதற்கு மற்றவர்கள் இரண்டே கார்டில் பதில் சொல்வார்கள், முதலில் பியானோ மட்டும், பிறகு ஊது கருவிகளும் சேர்ந்து. சரியாக மைல்ஸின் சோலோ தொடங்கும் இடத்தில் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி அடிப்பார். கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்ட அடி. ஆனால் அது ஒலித்து, விரிந்து, மெல்ல அடங்குவதற்குள் மைல்ஸ் இரண்டு மூன்று ஸ்வரம்தான் வாசித்திருப்பார். சிம்பல் அடங்கும்வரை அவர் அவசரப்படவில்லை. இந்த நிதானம் பிடித்துவிட்டால் மற்ற நான்கு உருப்படிகளும் தானாகத் திறக்கும்.

அப்புறம் கோல்ட்ரேன் வருவார், மைல்ஸுக்கு நேர் எதிர். அதே ஸ்கேலில் அடுக்கடுக்காக ஸ்வரங்களைக் கொட்டி, எல்லாப் பக்கமும் முட்டிப் பார்ப்பார். அவரை அடுத்து ஆடர்லி, அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய பாட்டு வடிவமான ப்ளூஸும் குதூகலமுமாக நுழைவார். பிறகு எவன்ஸ், பேசவே கூச்சப்படுகிறவர் மாதிரி கார்டுகளை மட்டும் வைத்துவிட்டுப் போவார். ஒரே ஸ்கேல், நான்கு சுபாவம். பழைய ரசிகர்களுக்கும் இந்தத் தட்டு அலுக்காமல் இருப்பதற்கு என்னைக் கேட்டால் இதுதான் காரணம். இந்த மாதம் மைல்ஸ் பக்கம் சாய்வேன், அடுத்த மாதம் கோல்ட்ரேன் பக்கம்.

கே: ‘ப்ளூ இன் கிரீன்’ உண்மையில் பில் எவன்ஸ் எழுதியது, மைல்ஸ் பெயர் போட்டுக்கொண்டார் என்கிறார்களே?

ப: தட்டில் மைல்ஸ் பெயர்தான் இருக்கிறது. தான் எழுதியது என்று எவன்ஸ் பிற்காலத்தில் சொன்னார். என் காதுக்கு அது எவன்ஸ்தான். இது மோடல் அல்ல. பத்து பார் சுற்று, முடிவும் தொடக்கமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும், எங்கே முடிந்தது என்றே தெரியாது. அந்த வகை ஹார்மனி எவன்ஸின் கைவரிசை. 1958 கடைசியிலேயே குழுவை விட்டுப் போயிருந்தவரை மைல்ஸ் இந்தத் தட்டுக்காகத் திரும்ப அழைத்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், தனக்கு யார் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மெட்டுக்கு மைல்ஸ் கொடுத்த ஹார்மன் மியூட் (ட்ரம்பெட் வாயில் செருகும் அடைப்பு) ஒலி இல்லாவிட்டாலும் இந்தப் பாட்டு இப்படி நிற்காது. இருவர் பெயரும் இருந்திருக்க வேண்டும்.

கே: ‘ஃப்ரெடி ஃப்ரீலோடரு’க்கு மட்டும் ஏன் வேறு பியானோக்காரர்?

ப: அது ப்ளூஸ். கெல்லிக்கு ப்ளூஸ் ரத்தத்திலேயே ஊறியது. முதல் சோலோவே அவருக்குத்தான், கேட்டால் காரணம் புரியும்.

கே: இவ்வளவு அமைதியான இசை. அந்தக் காலம் அவர்களுக்கு அமைதியாக இருந்ததா?

ப: இல்லவே இல்லை. தட்டு வெளிவந்து எட்டே நாளில், ஆகஸ்ட் 25 அன்று, நியூயார்க் பேர்ட்லேண்ட் கிளப் வாசலில் நின்றிருந்த மைல்ஸைப் போலீஸ் தலையில் அடித்து ரத்தம் வழிய இழுத்துப் போனது. உள்ளே வாசித்துக்கொண்டிருந்தவர், இடைவேளைக்கு வெளியே வந்திருந்தார், வாசலில் அவர் பெயர் போட்ட போர்டு. கறுப்பர் என்பதைத் தவிர அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளைக் கோட்டில் ரத்தக் கறை. இந்த இசையை மென்மை என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். அப்படிப்பட்ட ஊரில் நின்று இவ்வளவு நிதானமாக வாசிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

கே: அளவுக்கு மீறிப் புகழ்கிறீர்கள். 1959இல் வேறு நல்ல தட்டே வரவில்லையா?

ப: வந்தது, அள்ளி அள்ளி வந்தது. டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’, சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ அம்’ இரண்டும் அதே 30வது தெரு ஸ்டூடியோவில் அதே ஆண்டு பதிவானவை. கார்டு வரிசையையே உதறிய ஆர்னெட் கோல்மனின் புரட்சியும் அந்த ஆண்டுதான். துணிச்சல் என்று பார்த்தால் கோல்மன் மைல்ஸை விட ஒரு படி மேலே. விற்பனையை வைத்து நான் வாதாட மாட்டேன். ஆனால் அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்ற ஜாஸ் தட்டு இது. அதன் 50வது ஆண்டில், 2009இல், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இதைப் பாராட்டித் தீர்மானமே போட்டது. கடினமான ஒரு புது யோசனையைக் கேட்பவர் தலையில் ஏற்றாமல் காதுக்குள் அனுப்பிய விதத்தில், அந்த வருடத்துத் தட்டுகளில் இதற்கு ஈடு இல்லை என்பது என் முடிவு.

கே: எந்தப் பதிப்பை வாங்குவது? பழைய எல்.பி.யில் சுருதி தப்பு என்று கேள்விப்பட்டேன்.

ப: ஆமாம். மார்ச் 2 அன்று மூல டேப் ஓடிய மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு தயாரித்தபோது முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் சற்று ஏறிய சுருதியில் வந்துவிட்டன. கூடவே வாசித்துப் பழகியவர்கள் பல வருடம் திணறினார்கள். பாதுகாப்புக்காக இன்னொரு மெஷினில் எடுத்து வைத்த டேப்பை வைத்து 1992இல்தான் சரி செய்தார்கள். 1997க்குப் பிறகு வந்த சிடி எதை வாங்கினாலும் பெரும்பாலும் சரியான சுருதிதான், உறையில் ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ஸின் இன்னொரு டேக்கும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: இதை முடித்துவிட்டேன். அடுத்து?

ப: ஆடர்லி பிடித்திருந்தால் அவருடைய ‘சம்திங் எல்ஸ்’, 1958. அதில் மைல்ஸும் வாசிக்கிறார். எவன்ஸ் பிடித்திருந்தால் 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் அவருடைய மூவர் குழு வாசித்த பதிவுகள். கோல்ட்ரேன் பிடித்திருந்தால் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’. அதன் தலைப்பு உருப்படி இந்தத் தட்டு முடிந்த சில வாரங்களிலேயே பதிவானது, அதில் கார்டுகள் முன்பைவிட வேகமாக மாறும். கார்டுகளைக் கைவிட்ட தட்டில் வாசித்த அதே மனிதர், அடுத்த மாதமே, மே மாதத்தில், கார்டுகளின் உச்சிக்கே ஏறியிருக்கிறார். அதை முதலில் கேளுங்கள்.