வாசகர் கேள்வி–பதில்: கித்தானில் கைவண்ணத் தரைவிரிப்பு

கேள்வி: எங்கள் முன்னறையின் சிவப்புச் சிமென்ட் தரை ஆங்காங்கே பொரிந்து நிறம் மங்கிவிட்டது. டைல்ஸ் ஒட்ட இப்போது வசதியில்லை. கித்தானில் வண்ணம் தீட்டித் தரைவிரிப்பு செய்யலாம் என்று கேள்விப்பட்டேன். அப்பா லாரிக்குப் போட்டிருந்த பழைய தார்ப்பாய் வீட்டில் இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமா? (வாசகி, தக்கலை)

பதில்: விரிப்பைத் தாராளமாகச் செய்யலாம், அந்தத் தார்ப்பாய் மட்டும் வேண்டாம். மழைநீர் இறங்காமலிருக்க லாரித் தார்ப்பாய்க்கு மெழுகு ஏற்றியிருப்பார்கள். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல் உருண்டு நின்றால், தண்ணீர் கலந்து அடிக்கும் எந்தப் பெயிண்ட்டும் அதில் பிடிக்காது. எதுவும் பூசாத, கனமான, நெருக்கமான நெசவுள்ள பருத்திக் கேன்வாஸை (கித்தானை) வாங்குங்கள். கடைக்காரர் மடித்துக் கொடுத்தால் மறுத்து, சுருட்டித் தரும்படி கேளுங்கள். மடித்த தடம் எத்தனை பூச்சு பூசினாலும் தெரியும்.

துணியை வாங்குவதற்கு முன் தரையைச் சோதிப்பது அவசியம். இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் அடைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் அடியில் நீர் வியர்த்திருந்தால் மண்ணின் ஈரம் தரை வழியே மேலேறுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட தரையில் விரிப்பை நிரந்தரமாகக் கிடத்தினால் அடிப்பக்கம் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். தரை பொரிந்ததற்கும் அந்த ஈரமே காரணமாக இருக்கலாம் என்பதால், முதலில் அதைக் கொத்தனாரிடம் காட்டுங்கள்.

வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமர் பட்டதும் கேன்வாஸ் சுருங்கும். ஆகவே நான்குக்கு ஆறடி விரிப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் கூட்டி வெட்டி, பிளைவுட் பலகையின்மேல் பாலிதீன் பரப்பி, அதில் இழுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். முன்புறம் இரண்டு கை (பூச்சு), பின்புறம் ஒரு கை பிரைமர் போதும். முதல் கையை நீளவாக்கிலும் இரண்டாவதைக் குறுக்குவாக்கிலும் ரோலரால் உருட்டினால் நெசவின் இடுக்குகள் அடைபடும். நன்றாகக் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். உள்ளங்கையால் தடவும்போது துணியின் சொரசொரப்பு தெரியக்கூடாது. அதன் பிறகே சரியான அளவைக் குறித்து, ஒன்றரை அங்குல ஓரத்தைப் பின்புறமாக மடித்து, மூலைகளைச் சாய்வாகக் கத்தரித்துப் பசையால் ஒட்டி, மேலே பாரம் வையுங்கள். தையல் போட்டால் நூல் காலடியில் தேய்ந்து அறும், ஊசித் துளை வழியே தண்ணீரும் இறங்கும்.

அடிநிறமாக எமல்ஷன் இரண்டு கை அடித்து, அதன்மேல் கோலத்தை வரையுங்கள். புள்ளிகளைச் சுண்ணாம்புக் கட்டியால் வைத்துக்கொண்டால் பிசகினாலும் துடைத்துவிடலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அந்தச் சுவரோவிய மரபின் காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகிய நிறங்கள் சிவப்புத் தரைக்கு நடுவே மிக அழகாக அமையும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் விரிப்பின் ஆயுள் கோலத்தில் இல்லை, மேற்பூச்சில்தான் இருக்கிறது. எண்ணெய் சேராத, தண்ணீர் அடிப்படையிலான (வாட்டர்-பேஸ்டு) பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிசாக நான்கு கை பூசி, ஒவ்வொரு கைக்கும் இடையே டப்பாவில் குறித்துள்ள நேரம் முழுவதும் காயவிடுங்கள். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் வெள்ளையைப் பழுப்பாக்கிவிடும். முடிந்தபின் ஒரு வாரம் யாரும் மிதிக்க வேண்டாம். வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் வலை விரிப்பது கட்டாயம், வீட்டில் முதியவர்கள் இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி: இது புதிதாக வந்த கைவேலையா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: இல்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாய்மரத் துணி போன்ற கனத்த கித்தானில் ஆளிவிதை எண்ணெய் கலந்த வண்ணத்தைப் பூசித் தரையில் விரித்தார்கள். 1860களில் ஆங்கிலேயரான ஃபிரெடரிக் வால்டன் அதே எண்ணெயைக் கொண்டு லினோலியம் என்ற தரைவிரிப்பைச் செய்யத் தொடங்கியபின் இவ்வழக்கம் மெல்லக் குறைந்தது.

கேள்வி: ஆடி மாதத்தில் ஒரு விரிப்பு செய்தேன். இன்னும் கால் வைத்தால் பிசுபிசுக்கிறது. சுருட்டி வைத்தபோது ஒட்டிக்கொண்டு ஓரிடத்தில் பெயிண்ட்டும் பெயர்ந்துவிட்டது. கடற்கரை வீடு, உப்புக்காற்றுதான் காரணமா? (வாசகி, குளச்சல்)

பதில்: உப்பைவிடக் காற்றின் ஈரமே முதன்மையான காரணமாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நம் மாவட்டத்துக்கு உண்டு. சாரல் நாளில் பூச்சின் மேல்தோல் மட்டும் உலர்ந்ததுபோல் தோன்றும், உள்ளே ஈரம் நிற்கும். அதன்மேல் அடுத்த கையைப் பூசினால் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது. இந்த வேலைக்குத் தை, மாசி மாதங்களே மிகவும் ஏற்றவை.

இப்போது உள்ளதைத் தூக்கி எறிய வேண்டாம். காற்றோட்டமான அறையில், ஃபேன் காற்று படும்படி, வண்ணப்பக்கம் மேலாகப் பல நாள் விரித்துப் போடுங்கள். பிசுபிசுப்பு அடங்கியபின் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, பெயர்ந்த இடத்தில் பிரைமர் தொட்டு நிறம் சேர்த்து, பிறகு முழு விரிப்புக்கும் மெல்லிய வார்னிஷ் இரண்டு கை கொடுங்கள். இனிச் சுருட்டும்போது வண்ணப்பக்கம் வெளியே வரவேண்டும். உள்ளே வைத்தால் பூச்சு நெரிந்து சுருக்கம் விழும். சுருளின் நடுவே பருத்தித் துணி வையுங்கள். செருப்பில் ஒட்டி வரும் கடல்மணல் வார்னிஷை அரித்துவிடும் என்பதால், வாசலில் தேங்காய்நார் மிதியடி போட்டு, விரிப்பைத் தினமும் பெருக்கி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்.