காம்பு மட்டும் மிஞ்சிய பெட்டூனியா

"இந்த நாட்டுக்கு வந்து இது முதல் வசந்தம். வாசற்படியில் ஆறு தொட்டிகளில் பெட்டூனியா, பேன்சி என்று பூச்செடிகள் வைத்தேன். இன்று காலை பார்த்தால் காம்புதான் நிற்கிறது. மானா, முயலா? இனி என்ன வைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் காம்பின் நுனியைப் பாருங்கள். கத்தியால் சாய்த்து வெட்டியது போல இருந்தால் முயல். நார் நாராகப் பிய்ந்திருந்தால் மான். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அதனால் பிடித்து இழுத்துப் பிய்க்கும். நாற்று வேரோடு பிடுங்கிக் கிடந்தாலும் பெரும்பாலும் மான்தான்.

நான் வந்த இரண்டாம் வருடம் எனக்கும் இதே கதைதான். விடியும் முன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தாய் மான் ஒன்று தொட்டிக்குள் முகத்தை விட்டிருந்தது, பக்கத்தில் இரண்டு குட்டிகள். கண்ணாடியைத் தட்டினேன். காதை மட்டும் என் பக்கம் திருப்பியது, வாய் நிற்கவில்லை. அன்றே தெரிந்துவிட்டது, விரட்டுவதை நம்பிப் பயனில்லை என்று. வேலி போடலாம் என்றால் மான் எட்டடி உயரம் தாண்டும். நாலு தொட்டிக்காக யார் அவ்வளவு உயரத்துக்குப் போடுவது?

தரையில் நட்டவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உங்களுக்கு உண்டு: தொட்டியைத் தூக்கி வைக்கலாம். பெட்டூனியா, பேன்சி, இம்பேஷன்ஸ் மூன்றும் மானுக்கு விருந்து. அவற்றை மாடி பால்கனிக்கோ கதவடைத்த முற்றத்துக்கோ கொண்டு போங்கள். கொக்கியில் தொங்கவிடுவதானால் நன்றாக உயரத்தில் மாட்டுங்கள்; மான் பின்னங்காலில் நின்று ஆறடி வரை எட்டும்.

வாசலுக்கு வேறு செடிகள். ஆடு தொடாது என்பதால்தான் ஆடாதொடை என்று பெயர் வந்தது என்பார்களே, அதே கணக்குதான் இங்கேயும். வாசனை தூக்கலாக, இலை சொரசொரப்பாகவோ பஞ்சு பூத்தாற்போலவோ இருந்தால் மான் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். லேன்டானா (நம்முடைய உண்ணிச்செடிதான், இங்கே காசு கொடுத்து வாங்குகிறோம்), சால்வியா, அஜெரேட்டம், ஸ்னாப்டிராகன், ஏஞ்சலோனியா, வெள்ளி இலைக்கு டஸ்டி மில்லர். செண்டுமல்லியை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். என் வீட்டு மான் இலையை விட்டுவிட்டுப் பூவை மட்டும் கிள்ளித் தின்றது. நாற்றின் அட்டையில் மான் தின்னாது என்று போட்டிருந்தாலும், பசி வந்தால் எதையும் தின்னும். குட்டிகளோ எல்லாவற்றையும் ஒரு வாய் ருசி பார்க்கும்.

அப்புறம் மானை விரட்டத் தெளிக்கும் மருந்து. அழுகிய முட்டை வாடையுள்ளதுதான் ஓரளவு பலன் தருகிறது. தெளித்த அன்று வாசலில் நிற்க முடியாது. காய்ந்ததும் நமக்குத் தெரியாது, மானுக்குத் தெரியும். ருசி கண்ட பிறகு தெளிப்பதைவிட, நட்ட அன்றே தெளிப்பது மேல். புதுத் துளிரில் மருந்து இருக்காது என்பதால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையும், நல்ல மழைக்குப் பிறகும் திரும்ப அடிக்க வேண்டும். சோப்புக்கட்டி, தலைமுடி எல்லாம் நானும் கட்டிப் பார்த்தேன். சில நாள் பயந்தது, பிறகு பழகிவிட்டது.

தொட்டிக்குத் தோட்ட மண் வேண்டாம், இறுகிவிடும். தொட்டிக்கென்று விற்கும் கலவை போதும். அடியில் ஓட்டை இருக்கட்டும், கல் பரப்பத் தேவையில்லை. கோடையில் தினமும் தண்ணீர். தழைச்சத்து உரத்தை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். கொழுகொழுவென்று வரும் இளந்தழையைத்தான் மான் தேடி வரும். கடைசி உறைபனி போன பிறகே நாற்றை வெளியே விடுங்கள், அதுவும் ஒரு வாரம் பகலில் மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு.

சரி, இப்போதிருக்கும் காம்புகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிய்ந்த நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே சுத்தமாக வெட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றி, மான் எட்டாத இடத்தில் வையுங்கள். வேர் அசையாமல் இருந்தால் பெட்டூனியா சில வாரத்தில் துளிர்த்துவிடும். பேன்சி எப்படியும் வெயில் ஏறினால் சோர்ந்துவிடும், அதற்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். எதுவானாலும் இன்று பொழுது சாய்வதற்குள் நகர்த்திவிடுங்கள். வழி தெரிந்த மான் இன்று இரவும் வரும்.