எருக்குழிப் பச்சைப் பூசணத்தைப் பிரித்தெடுக்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைத்திருக்கிறேன். எருக்குழியைக் கிளறியபோது காண்டாமிருக வண்டின் புழுக்கள் சில விறைத்துப்போய், மேலே பச்சைப் பொடி படர்ந்து கிடந்தன. அந்தப் பூசணத்தை எரு மண்ணிலிருந்து பிரித்து, வீட்டிலேயே சோற்றில் பெருக்கலாமா?

பதில்: புழு விறைத்து, மேலே பச்சைப் பொடி என்றால் பெரும்பாலும் பூச்சிகளைத் தாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூசணம்தான். ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் மெட்டாரைசியம் அல்ல. மண்ணில் வாழும் டிரைக்கோடெர்மா என்ற பூசணமும் பச்சை, நச்சு உண்டாக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸும் பச்சை. சோற்றில் எது வளர்ந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் வீட்டுப் பெருக்கம் வேண்டாம்.

ஆய்வகத்தில் சுமார் 10 கிராம் மண்ணை, ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற பொருள் சிறிது கலந்த நீரில் கலக்கிப் படிப்படியாக நீர்த்து, வளர்ப்பு ஊடகத்தில் (பூசணம் வளர்வதற்கான உணவுக் கூழ்) பரப்புவார்கள். சாதாரண உருளைக்கிழங்கு ஊடகம் இதற்கு உதவாது. டிரைக்கோடெர்மா சில நாட்களிலேயே தட்டு முழுவதையும் மூடிவிடும். மெதுவாக வளரும் நம் பூசணத்துக்கு இடமே கிடைக்காது. ஆகவே ஓட்ஸ் ஊடகத்தில் டோடின் என்ற பூசணக்கொல்லியை அளவாகச் சேர்ப்பார்கள். பூசணத்தைத் தேடுவதற்குப் பூசணக்கொல்லியா என்று கேட்பீர்கள். மெட்டாரைசியமும், பூச்சிகளைக் கொல்லும் இன்னொரு பூசணமான பவேரியாவும் அந்த அளவைத் தாங்கும். மற்றவற்றில் பல ஒடுங்கும். பாக்டீரியாவை அடக்க குளோராம்பெனிகால் போன்ற மருந்தும் சேரும். 25 டிகிரியில் வைத்தால் ஓரிரு வாரத்தில் வெள்ளையாகத் தொடங்கி ஆலிவ் பச்சையாக மாறுவது மெட்டாரைசியம். வெள்ளைப் பொடியாகவே நிற்பது பவேரியா. டோடினையும் தாங்கி வரும் பூசணங்கள் உண்டு. மெட்டாரைசியத்திலேயே அதைத் தாங்காத வகைகளும் உண்டு. எனவே நுண்ணோக்கியில் வித்துகளைப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் கடைசித் தீர்ப்பு புழுவிடம்தான்: தூய வளர்ப்பைப் புழுமீது தெளித்து, அது செத்து, அதே பூசணம் மறுபடி வெளிவர வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கது இரை வைத்துப் பார்ப்பதுதான். தேனீ வளர்ப்பவரிடம் பழைய அடையிலுள்ள மெழுகுப்புழுக்களைக் கேளுங்கள், மகிழ்ச்சியாகத் தருவார். ஈர மண் நிரப்பிய டப்பாவில் விட்டு, முதல் சில நாட்கள் டப்பாவை அவ்வப்போது கவிழ்த்து வையுங்கள். இரண்டு வாரத்தில் விறைத்த புழு கிடைத்தால் உங்கள் மண்ணில் கொல்லிப் பூசணம் இருக்க வாய்ப்புண்டு. அழுகி நாறினால் அது வேறு காரணம்.

இப்போது கிடைத்த புழுக்களைக் காகித உறையில் போடுங்கள். பாலித்தீனில் வேர்த்து வேறு பூசணம் ஏறிவிடும். குழியின் நிழல் பகுதியில் ஒரு விரல் ஆழத்துக்குக் கீழிருந்து மண்ணும் எடுத்து, அருகிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பவேரியா பட்டுப்புழுவையும் கொல்லும்; அது கிடைத்தால் அங்கே தெளிக்கவே கூடாது.