ஐந்து தலைப் பாம்பும் காசிமேட்டு மீன்களும்

அன்புள்ள ஐயா,

துண்டுகளை ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசை மேல் வைத்து ஆடும் போர் விளையாட்டுப் பொம்மைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் முதன்முதலாக ஒன்று வாங்கினேன். கிரேக்கக் கதையில் வரும் ஹைட்ரா, ஐந்து தலை. ரெசினில் வார்த்தது, 17 துண்டுகள். என் அம்மா பார்த்துவிட்டு, "ஆதிசேஷனா?" என்று கேட்டார்.

இரண்டு கழுத்துகள் நிற்க மாட்டேன் என்கின்றன. உடனடிப் பசை போட்டு ஒட்டினால் மறுநாள் கை பட்டதும் விழுகின்றன. வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சாக, மொட்டை மாடியில் வைத்து ஸ்ப்ரே பிரைமர் அடித்தேன். முதுகு மணல் தூவியதுபோல் சொரசொரக்கிறது, வயிற்றில் நகம் பட்டால் தோலாக உரிகிறது. பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்து அப்படியே பச்சை அடிக்கலாம் என்றிருந்தேன், இப்போது தொடவே பயமாக இருக்கிறது. என் அப்பா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதியவர். "நாற்பது வயதில் பொம்மைக்குச் சாயமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். என்னோடு ஆடவும் இங்கே ஆள் இல்லை. தொடரத்தான் வேண்டுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தண்டையார்பேட்டை)

அன்புள்ள நண்பருக்கு,

தொடருங்கள். கழுத்து விழுவதற்கும் வயிற்றில் வண்ணம் உரிவதற்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒட்டுவதற்கு முன் துண்டுகளைக் கழுவினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஃபைபர் படகு கட்டும் இடத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். ரெசினையும் கண்ணாடி இழைப் பாயையும் அச்சுக்குள் இடுவதற்கு முன் அச்சின் உட்புறம் முழுக்க மெழுகு தேய்ப்பார்கள். தேய்க்காவிட்டால் படகு அச்சை விட்டு வராது. பொம்மை வார்ப்பவர்களும் இதே காரணத்துக்காக அச்சில் ஒரு வழுக்குப் பூச்சு பூசுகிறார்கள். அதில் கொஞ்சம் பொம்மையின் மேல் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. உங்கள் பசையும் பிரைமரும் அந்தப் பூச்சைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அது நழுவும்போது சேர்ந்து நழுவுகின்றன.

உரிகிற பிரைமரை முழுவதும் எடுத்துவிடுங்கள். பழைய பல் பிரஷ்ஷை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்தால் வந்துவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்பு எரிய வேண்டாம். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொரு துண்டையும் செதில் இடுக்குவரை தேய்த்துக் கழுவி, ஓர் இரவு உலரவிடுங்கள். முதுகையும் விட்டுவைக்காதீர்கள். அரக்கனின் தோல்தானே, சொரசொரப்பாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றும். அந்த மணலுக்கு அடியில்தான் சிற்பி ஒவ்வொன்றாகச் செதுக்கிய செதில்கள் இருக்கின்றன.

அந்தச் சொரசொரப்புக்குக் காரணம் வேறு. வெயிலும் கடற்காற்றும் சேர்ந்து அடிக்கும் மாடியில் எட்ட நின்று ஸ்ப்ரே செய்தால், துளி பொம்மையைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து தூளாகப் போய் உட்காரும். நம் பகுதியில் நான் டப்பா ஸ்ப்ரேயை நம்புவதில்லை. தூரிகையால் பூசும் பிரைமரை வாங்கி, மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள்.

கழுவிய பிறகும் நீண்ட கழுத்துக்குப் பசை மட்டும் போதாது. உடனடிப் பசை இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். உள்ளே ஓர் எலும்பு வேண்டும். உடலின் வெட்டுமுகத்தில் ஊசி முனையால் ஒரு சொட்டு வண்ணம் வைத்து, அது காய்வதற்குள் கழுத்தைப் பொருத்தி எடுங்கள். கழுத்தின் அடியிலும் அதே இடத்தில் புள்ளி விழுந்திருக்கும். இரண்டு புள்ளியிலும் கையால் சுழற்றும் சிறு துளைப்பானால் 1 மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் கம்பித் துண்டைப் பசையோடு செருகுங்கள். கம்பி கிடைக்காவிட்டால் நிமிர்த்திய ஜெம் கிளிப் போதும். மீதமிருக்கும் இடைவெளியில் எம்-சீல் பிசைந்து வைத்து, ஈரமான ஊசியால் செதில் கோடுகளைத் தொடர்ந்து கீறிவிட்டால் ஒட்டிய இடமே தெரியாது. அது காய்ந்தபின் பிசிறுகளைத் தேய்க்கும்போது வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது.

இனி நிறம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பெட்டியின் படத்தைப் பார்த்து அடிக்காதீர்கள். அந்தப் பச்சை எங்கோ ஒருவர் எடுத்த முடிவு. இல்லாத ஒரு விலங்கை உயிருள்ளதாகக் காட்ட வேண்டுமானால் இருக்கிற விலங்குகளைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் காசிமேடு இருக்கிறது. ஹைட்ரா நீரில் வாழும் விலங்கு. விடியற்காலையில் ஏலம் நடக்கும்போது போய் நில்லுங்கள்.

வஞ்சிரத்தைப் பாருங்கள். முதுகு இரும்பு நீலம், பக்கவாட்டில் வெள்ளி, வயிறு ஏறக்குறைய வெள்ளை. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு முதுகு ஆழ்கடலின் இருட்டோடு கலந்துவிடும், கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு வயிறு வானத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும். உங்கள் ஹைட்ராவுக்கும் இந்த ஒழுங்கைக் கொடுங்கள். ஐந்து கழுத்துகளின் மேற்புறமும் அடர்ந்து, தொண்டைப் பக்கம் வெளுத்து வரட்டும். வஞ்சிரத்தின் விலாவில் மேலிருந்து கீழாகச் சாம்பல் நிறக் கோடுகள் நெளிந்து இறங்கும். கிட்டப்போய்ப் பார்த்தால் எந்தக் கோடும் நேராக இல்லை, சில கோடுகள் பாதியில் புள்ளியாக உடைந்துபோகின்றன. கழுத்தில் வரி போடும்போது இந்த உடைப்பு வேண்டும். சீராகப் போட்டால் புடவைக் கரை ஆகிவிடும்.

ஆண் நீல நண்டின் கொடுக்கையும் பாருங்கள். நீலத்தின் மேல் வெள்ளைத் திட்டுகள், முனைக்குப் போகப் போகச் சிவப்பு ஏறும். நகங்களுக்கும் கொம்புகளுக்கும் கறுப்பு அடித்து முடித்துவிடாமல் அந்த ஏற்றத்தை முயன்று பாருங்கள். வாய்க்குள் அடிக்கும் சிவப்புக்குப் புதிய மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள். நேரமாகிவிட்ட மீனில் அது பழுப்பாகிவிடும், ஆகவே சீக்கிரம் போங்கள். பளபளக்கும் வார்னிஷை வாய், ஈறு, கண் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு மங்கலான வார்னிஷ் போதும். எல்லா இடமும் பளபளத்தால் ஈரம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது.

வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று முறை பூசுங்கள். கெட்டியாக ஒரே முறை அடித்தால் செதில்கள் புதைந்துபோகும். இப்படிப் பூசிய நிறம் காய்ந்ததும், மிகவும் நீர்த்த அடர் வண்ணத்தை மேலே ஓடவிட்டால் அது பள்ளங்களில் தங்கும். அதன்பின் பிரஷ்ஷில் வெளிர் நிறம் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் வருடுங்கள். செதில் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும்.

சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசி வேலையாக வைப்பது நம் மரபு. இந்த அளவுப் பொம்மையில் நான் அதை மாற்றிச் செய்கிறேன். குழிக்குள் இருக்கும் கண்ணை முதலில் வரைந்துவிட்டால், பிசகிய வண்ணத்தை இமையின் நிறம் மூடிவிடும்.

ஆட ஆள் இல்லை என்கிறீர்கள். தனி ஆளாக ஆடவும் விதிகள் உண்டு. ஆனால் வட சென்னையில் நாலு பேர் குனிந்து நிற்கும் கேரம் பலகைக்கா பஞ்சம்? அதன் பக்கத்தில் ஹைட்ராவைக் கொண்டுபோய் வையுங்கள். இது என்ன, எப்படி நகரும் என்று முதலில் கேட்பவருக்கு விதியைச் சொல்லிக்கொடுங்கள்.

வயதைப் பற்றி: பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் மேசை மேல் போர் விளையாட்டு ஆடத் தொடங்கியது 1824-இல். பொம்மைப் படைவீரர்களை வைத்து ஆடும் விதிகளை எழுதி எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் புத்தகமாக வெளியிட்டபோது அவரும் நாற்பதைத் தாண்டியவர். இதையெல்லாம் உங்கள் அப்பாவிடம் சொல்லி வாதாட வேண்டாம். அவரிடம் கேட்க வேறு விஷயம் இருக்கிறது. வளைந்த படகுப் பலகையில், கோடு நடுங்காமல், எழுத்தின் சுழியைத் தூரிகையை எடுக்காமல் முடித்தவர் அவர். எனாமலுக்குப் பதில் அக்ரிலிக், டர்பன்டைனுக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம். உங்களுக்கு இன்னும் பத்துக் கண்கள் வரைய வேண்டியிருக்கிறது. சுழி வரைகையில் கையை எதன்மேல் ஊன்றிக்கொள்வார், மூச்சை எப்போது விடுவார் என்று கேளுங்கள். தெரிந்ததும் எனக்கும் எழுதுங்கள், என் கை இப்போதெல்லாம் சற்று நடுங்குகிறது.

அன்புடன்.